ஒற்றை அறை வீட்டில் வைரஸ் காய்ச்சல்: வீட்டிலிருந்தே கவனித்துக்கொள்வது எப்படி?

கொருக்குப்பேட்டைவாசி:

அனைவருக்கும் வணக்கம். நேற்று முன்தினம் மாலை பாரிமுனையிலிருந்து பேருந்தில் திரும்பும்போதே எனக்குக் குளிர் எடுக்கத் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது வெப்பமானி 102 டிகிரி காட்டியது. நேற்றுக் காலை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றேன். மருத்துவர் தொண்டையையும் நெஞ்சையும் பரிசோதித்துவிட்டு, வைரஸ் காய்ச்சலாகத் தெரிகிறது, பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஓய்வெடுங்கள், நீராகாரம் நிறையச் சாப்பிடுங்கள், காய்ச்சல் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். இன்றும் காய்ச்சல் இருக்கிறது. தலைவலியும் உடம்பு வலியும் கடுமையாக இருக்கின்றன. இருமல் கொஞ்சமாக இருக்கிறது.

எங்கள் வீடு ஓர் அறையும் சமையலறையும் மட்டுமே கொண்டது. கழிப்பறையை வேறு இரண்டு குடும்பங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம். என் மனைவி, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வரும் 66 வயதான என் தாயார் ஆகியோர் உடன் இருக்கிறார்கள். எதைப் படித்தாலும் “தனி அறையில் இருங்கள்” என்றே தொடங்குகிறது. இல்லாத அறைக்கு நான் எங்கே போவது? பக்கத்து வீட்டுக்காரரோ, ஓர் ஊசி போட்டுக்கொண்டு மருந்துக்கடையில் ஒரு செட் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டால் நாளையே வேலைக்குப் போகலாம் என்கிறார். என் தாயாருக்குத் தொற்றாமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும், எந்தக் கட்டத்துக்குப் பிறகு இது வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாத காய்ச்சல் ஆகிறது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

ஓய்வுபெற்ற செவிலி, தண்டையார்பேட்டை:

தம்பி, அரசு மருத்துவமனையில் பல மழைக்காலங்களைக் காய்ச்சல் வார்டில் கழித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுக்கு வந்திருப்பது இன்ஃப்ளுயன்சாவா, டெங்குவா, வேறு ஏதாவதா என்று முதல் இரண்டு மூன்று நாட்களில் யாராலும் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஆகவே, பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை, மூக்கு வழியாகப் பரவும் காய்ச்சல் என்றும் கொசு வழியாகப் பரவும் காய்ச்சல் என்றும் இரண்டு விதமாகவும் வைத்துக்கொண்டே வீட்டைக் காக்க வேண்டும்.

முதலாவதற்குத் தனி அறை இல்லாவிட்டாலும் காற்றோட்டம் போதுமான அளவு உதவும். சன்னலுக்கு அருகில் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். மேசை மின்விசிறி இருந்தால், அறைக்குள் இருக்கும் காற்றைச் சன்னல் வழியாக வெளியே தள்ளும்படி திருப்பி வையுங்கள். மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து நெடி வரும் இரவுகளில் நம் பகுதியில் எல்லோரும் சன்னலை அடைத்துவிடுகிறோம் என்பதை நான் அறிவேன். அப்படிப்பட்ட இரவுகளில் தெருக்கதவையாவது சிறிது நேரம் திறந்து வையுங்கள். உங்கள் தலையும் தாயார் தலையும் எதிரெதிர்த் திசையில் இருக்கும்படி பாய் விரியுங்கள். வீட்டுக்குள் நீங்கள் முகக்கவசம் அணிய வேண்டும். உங்களுக்கு அருகில் வரும்போது தாயாரும் அணிவது நல்லது. உங்கள் தட்டு, தம்ளர், துண்டு ஆகியவை தனியாக இருக்கட்டும். பொதுக் கழிப்பறைக்குப் போய் வரும்போது தாழ்ப்பாளையும் குழாயையும் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இரண்டாவது காவலைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காய்ச்சல் உள்ளவரைக் கடித்த கொசுதான் சில நாட்கள் கழித்து வீட்டிலிருக்கும் மற்றவரைக் கடித்து நோயைக் கொடுக்கிறது. எனவே பகலில் கொசு வலைக்குள் படுக்க வேண்டியவர் நீங்கள். உங்களைக் காப்பதற்காக அல்ல, தாயாரையும் மகளையும் காப்பதற்காக. லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மை இறுக மூடி வையுங்கள். வாரத்துக்கு ஒரு முறை முழுவதும் காலி செய்து, உட்புறச் சுவரை நாரால் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். தண்ணீரை மட்டும் கொட்டினால் சுவரில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும், அது மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியக்கூடியது.

மருந்தைப் பொறுத்தவரை பாராசிட்டமால் ஒன்றே போதும். 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மிகாமல் சாப்பிடலாம். சளி மாத்திரைகளில் பலவற்றிலும் அதே மருந்து கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கல்லீரலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் ஆகியவை கூடவே கூடாது. அவை இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். செட் மாத்திரையில் என்னென்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, பெரும்பாலும் விற்பவருக்கும் தெரியாது. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

சாப்பாட்டில் காய்ச்சலென்றால் பன்னும் டீயும்தான் என்று நம் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது; அது போதாது. நொய்க்கஞ்சி, ரசம் சாதம், இட்லி, மோர், இளநீர் என்று வயிறு ஏற்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறிப்பிட்டிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரைக்க வேண்டும். பாதித் தண்ணீரில் கரைத்து உப்புக் கரிக்கக் குடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பொட்டலம் கிடைக்காத நேரத்தில், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். தண்ணீர் போதுமா என்பதைச் சிறுநீரே சொல்லிவிடும்: ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது போக வேண்டும், நிறம் வெளுத்திருக்க வேண்டும்.

ஒரு பழைய நோட்டில் காய்ச்சல் தொடங்கிய நாளை முதல் நாள் என்று எழுதி, அன்றன்றைய வெப்பம், மாத்திரை போட்ட நேரம், சிறுநீர் போன நேரம் மூன்றையும் குறித்துவருமாறு மனைவியிடம் சொல்லுங்கள். இன்று உங்களுக்கு மூன்றாம் நாள், டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனை முதல் ஐந்து நாட்களுக்குள்தான் சரியாகக் காட்டும் என்பதால், தள்ளிப்போடாமல் நாளைக் காலையே இரத்தம் கொடுத்துவிடுங்கள்.

தாயாருக்குக் காய்ச்சல் கண்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். இன்ஃப்ளுயன்சாவாக இருந்தால் அதற்குரிய மருந்தை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் தரும். காய்ச்சலில் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரை ஏறக்கூடும், சில மாத்திரைகளை வெறும் வயிற்றில் போட்டால் தாழ்ந்தும் போகும். ஆகையால் தாமாகவே நிறுத்தவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு போடவும் வேண்டாம், குளுக்கோமீட்டரில் பார்த்துவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

வியாசர்பாடி, மூன்றாவது தெரு:

சகோதரரே, மேலே அம்மா எழுதியதோடு ஒன்றை மட்டும் என் அனுபவத்திலிருந்து சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். எனக்கு டெங்கு வந்தபோது ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் முழுவதுமாக விட்டுவிட்டது. உடம்பு லேசானதுபோல் தோன்றவே, விடுப்பு தீர்ந்துவிட்டதை நினைத்து வேலைக்குக் கிளம்பினேன். பதினொரு மணிக்கு வயிற்றில் வலி தொடங்கியது. முந்தைய நாள் சாப்பிட்ட ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். இரண்டு முறை வாந்தி எடுத்தேன். ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பும்போது கை கால்கள் சில்லிட்டு, அருகில் இருந்தவர் தோளில் சாய்ந்துவிட்டேன். அந்த முகம் தெரியாத மனிதர்தான் 108க்கு அழைத்தார்.

மருத்துவமனையில் இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை எனக்குக் குறைந்திருப்பதைப் பார்த்து வீட்டார் அழுதுகொண்டிருந்தார்கள். மருத்துவரோ அதைவிட என் இரத்தம் கெட்டியாகியிருப்பதையும் இரத்த அழுத்தம் இறங்கியிருப்பதையும் பார்த்துத்தான் கவலைப்பட்டார். இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவதே டெங்குவில் உயிருக்கு ஆபத்தானது என்றும், அது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் நடக்கிறது என்றும் பிறகு விளக்கினார். முதல் இரண்டு நாட்கள் நான் வாங்கிச் சாப்பிட்ட செட் மாத்திரையில் டைக்ளோஃபினாக் இருந்ததும் அப்போதுதான் தெரியவந்தது. அன்றைக்கு என்னை நானே குணமானவன் என்று முடிவு செய்துகொண்டதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இராயபுரத்தான்:

எல்லோரும் ஆங்கில மருந்தையே பேசுகிறீர்கள். நிலவேம்புக் குடிநீர் அரசு மருத்துவமனைகளிலேயே வழங்கப்பட்டதுதானே? நிலவேம்பு, வெட்டிவேர், பற்பாடகம், சுக்கு, மிளகு என ஒன்பது சரக்குகள் சேர்ந்த கஷாயம் அது. எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதுவும் பப்பாளி இலைச் சாறும்தான் கொடுக்கிறோம். மூன்றே நாளில் குணமாகிவிடுகிறது. கம்பளி போர்த்தி வியர்க்க விட்டால் காய்ச்சல் தானாக இறங்கும்.

ஓய்வுபெற்ற செவிலி, தண்டையார்பேட்டை:

ஐயா, நிலவேம்பு நானும் குடித்தவள்தான், அதைக் குறை சொல்லவில்லை. சித்த மருத்துவர் சொன்ன அளவில் குடிக்கலாம்; சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் அவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் சாதாரண வைரஸ் காய்ச்சல் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாட்களில் எதைக் குடித்தாலும், எதையும் குடிக்காவிட்டாலும் விட்டுவிடக்கூடியது. ஆகவே குணமானதற்குக் காரணம் கஷாயம்தான் என்று எப்படிச் சொல்வது? பப்பாளி இலைச் சாறு குடித்துக் குடித்து வாந்தி எடுத்து, உடம்பிலிருந்த நீரையும் இழந்து வார்டுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கம்பளி நிச்சயமாக வேண்டாம். நடுக்கம் இருக்கும்வரை மெல்லிய போர்வை போதும். நடுக்கம் நின்றபின் வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைக்கலாம்.

கொருக்குப்பேட்டைவாசி:

அனைவருக்கும் நன்றி. இன்று ஐந்தாம் நாள். நேற்று கொடுத்த இரத்தத்தில் என்.எஸ்.1 பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது, பிளேட்லெட் 1,10,000. இன்று காலை முதல் மாத்திரை இல்லாமலேயே வெப்பம் 98.8இல் நிற்கிறது. வியாசர்பாடி நண்பர் எழுதியதைப் படித்திராவிட்டால் நானும் இந்நேரம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். நோட்டில் எழுதியபடி நேற்று ஐந்து முறை சிறுநீர் போயிருக்கிறது. தாயாருக்கும் மகளுக்கும் இதுவரை ஒன்றுமில்லை. மகள் என்னைக் கொசு வலைக்குள் பார்த்துத் தொட்டிலில் போட்ட குழந்தை என்று கேலி செய்கிறாள். இனி எதைக் கவனிக்க வேண்டும், அம்மா?

ஓய்வுபெற்ற செவிலி, தண்டையார்பேட்டை:

தம்பி, இந்த 48 மணி நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும். இன்றும் நாளையும் மீண்டும் இரத்தம் கொடுத்து, பிளேட்லெட்டை மட்டுமல்லாமல் பி.சி.வி. அளவையும் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) மருத்துவரிடம் காட்டுங்கள், பி.சி.வி. ஏறிக்கொண்டே போனால் இரத்தம் கெட்டியாகிறது என்று பொருள். விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், கை கால் சில்லிடுதல், காரணமில்லாத அமைதியின்மை அல்லது தூக்கக் கலக்கம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், இரவு எந்த நேரமானாலும், 108ஐ அழைத்து ஸ்டான்லி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள். மூச்சு வாங்கினாலும் அப்படியே. சந்தேகமாக இருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் 104 எண்ணில் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். போகும்போது மனைவி எழுதிய அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பணியில் இருக்கும் மருத்துவருக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

டெங்கு என்று தெரிந்துவிட்டதால், அதற்காகத் தட்டு தம்ளரைத் தனியாக வைக்கத் தேவையில்லை. இருமல் நிற்கும்வரை முகக்கவசம் இருக்கட்டும். கொசு வலையை இன்னும் இரண்டு நாட்களுக்கு விடாதீர்கள், மகள் சிரித்தால் சிரிக்கட்டும். கழிப்பறையைப் பகிரும் அந்த இரண்டு குடும்பங்களிடமும் விஷயத்தைச் சொல்லி, அவர்கள் டிரம்களையும் இன்றே தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டைவாசி:

சொல்லிவிட்டேன், அம்மா. ஒரு வீட்டார் உடனே கழுவினார்கள். மற்றொருவர் நாளை லாரி வந்தபிறகு கழுவுவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை டிரம்மின் வாயில் வேட்டித் துணியை இரண்டாக மடித்து இறுகக் கட்டிவைத்திருக்கிறோம்.