பர்னரை ஊசியால் குத்தலாமா, கூடாதா?

கைவேலை:
ரெண்டு மாதமாகக் கேஸ் அடுப்பில் தீ மஞ்சளாக எரிந்தது, பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. நேற்று பர்னரைக் கழற்றி, துளைகளை ஊக்கால் குத்தினேன். கீழே இருக்கிற ஜெட்டிலும் (கேஸ் வெளியே வரும் சின்னத் துளையுள்ள முனை) தையல் ஊசியை விட்டுச் சுழற்றி எடுத்தேன். இப்போது தீ முன்பைவிடப் பெரிதாக வருகிறது. இதற்கெல்லாம் மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள், வீட்டிலேயே செய்யுங்கள்.

நீலச்சுடர்:
பெரிதாக வருகிறது என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயம். பர்னர் துளை வேறு, ஜெட் வேறு. எல்பிஜி ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, பெரும்பாலும் பித்தளை. எஃகு ஊசியைச் சுழற்றினால் துளை அகலும். கேஸ் கூடும், அதற்கு ஈடான காற்று கிடைக்காது. சரியாக எரியாத கேஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தீ இப்போது நீலமாக இருக்கிறதா?

கைவேலை:
நுனி இன்னும் மஞ்சள்தான். அதற்காக அடைப்பை அப்படியே விடச் சொல்கிறீர்களா?

நீலச்சுடர்:
இல்லை, அடைப்பு எங்கே என்று முதலில் பாருங்கள். ஜெட் அடைத்தால் பொதுவாகத் தீ சிறுத்துப்போகும். மஞ்சள் தீ என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது காற்று போகும் வழியை. பர்னருக்குக் கீழே நீளும் குழாயில் தூசியும் சிலந்தி வலையும் சேர்ந்திருக்கும். குறுகலான பிரஷ்ஷை விட்டுத் துடைத்தாலே பல நேரம் தீ நீலமாகிவிடும்.

அடுப்படி:
நான் ஊசியே எடுப்பதில்லை. காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டுவிடுவேன்.

நீலச்சுடர்:
அலுமினிய பர்னர் என்றால் தயவுசெய்து வேண்டாங்க. காஸ்டிக் அலுமினியத்தை அரிக்கும், ஹைட்ரஜன் வாயுவும் வெளியாகும். சுடுதண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். ப்ளீச்சையும் வினிகரையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். அப்புறம், நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

கைவேலை:
சரி, ஜெட் விஷயத்தில் நான் செய்தது தப்புதான். ரெகுலேட்டரை மூடிவிட்டேன், புது ஜெட் மாட்ட ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பர்னர் துளையை ஊக்கால் குத்துவதை மட்டும் விடமாட்டேன்.

நீலச்சுடர்:
விட வேண்டாம், அதில் நமக்குள் சண்டையே இல்லை. பல் குச்சி மட்டும் வேண்டாம், உள்ளேயே ஒடிந்துவிடும். பர்னர் ஆறிய பிறகு, அடுப்பிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு குத்துங்கள். பிறகு கவிழ்த்துத் தட்டுங்கள், இல்லையென்றால் உதிர்ந்த கரி ஜெட்டிலேயே போய் விழும். புது ஜெட் மாட்டியதும் இணைப்பில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா பாருங்கள். தீக்குச்சி கொளுத்திச் சோதிக்காதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோரம் தேங்கி நிற்கும்.