வினாடி வினாவில் நூற்றுக்கு நூறு, தேடும்போது பழைய கதை

அட்டவணைக்காரி:
கல்லூரி நூலகர் நான். இணையவழிப் பாடம் மாணவர்களின் தேடும் பழக்கத்தை மாற்றுகிறதா என்று ஆய்வு செய்கிறேன். பருவத் தொடக்கத்தில் 38 நிமிட வீடியோ, முடிவில் வினாடி வினா. மதிப்பெண் பிரமாதம். ஆறு வாரம் கழித்துச் சிலரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தேடச் சொன்னேன். அசைன்மென்ட் கேள்வியை அப்படியே நகலெடுத்துத் தேடுபொறியில் ஒட்டினார்கள், கேள்விக்குறியோடு! முதல் மூன்று முடிவுகளைத் திறந்தார்கள், அவ்வளவுதான். கருத்துக்கணிப்புப் படிவத்தில் மட்டும் எல்லோரும் 'தரவுத்தளம் (ஆய்வுக் கட்டுரைகளைத் தேட நூலகம் தரும் தளம்) பயன்படுத்துகிறேன்' என்று டிக் அடித்திருக்கிறார்கள். நான் எதைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன்?

பழையபீரோ:
படிவத்தில் வருவது நல்ல பிள்ளை பதில். நீங்கள் கண்ணால் பார்த்ததுதான் தரவு. அடுத்த முறை மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடச் சொல்லுங்கள், திரையையும் பதிவு செய்யுங்கள். (நீங்கள் பக்கத்தில் இருந்ததால்தான் மூன்று முடிவாவது திறந்தார்கள் என்பது என் சந்தேகம்.)

38 நிமிடம் ரொம்ப அதிகம். எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் பார்வைகளை அலசி 2014இல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமானாலும், பாதிப் பார்வைகள் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை.

அதைவிட முக்கியம், நேரம். நூலகவியல் ஆய்வாளர் கரோல் குல்தாவ் 1991இல் விவரித்த தேடல் படிநிலைகளைப் பாருங்கள். தலைப்பு முடிவானதும் ஒரு தெம்பு வரும். அப்புறம் படிக்கப் படிக்கக் குழப்பமும் சந்தேகமும் ஏறும். உதவி தேவைப்படுவது அங்கேதான். நீங்கள் பருவத்தின் முதல் வாரத்திலேயே சொல்லி முடித்துவிட்டீர்கள், அப்போது யாரிடமும் கேள்வியே இல்லை.

கடைசிபெஞ்ச்:
மாணவன் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. கேள்வியை அப்படியே ஒட்டுவது சோம்பேறித்தனம் இல்லை, தேடுபொறியில் அது பலிக்கிறது. பலிப்பதைத்தானே கை பழகும்? நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் சொன்ன ஐந்து நூலக விதிகளில் நான்காம் விதி 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்பதுதானே. உங்கள் தரவுத்தளம் அதைக் கேள்விப்பட்டிருக்கிறதா?

மூன்றாம்அடுக்கு:
திரைப்பதிவு எடுத்தால் முதலில் ஒப்புதல் வாங்குங்கள். பெயரை நீக்கிவிட்டுச் சேமியுங்கள். யார் என்ன தேடினார் என்பதை வெளியே விடாததுதான் நம் தொழில்.

அட்டவணைக்காரி:
ஒப்புதல் படிவம் தயார். வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி அசைன்மென்ட் பக்கத்திலேயே வைக்கப்போகிறேன். கடைசிபெஞ்ச், உங்கள் பேச்சைக் கேட்டு அந்தக் கேள்வியை எங்கள் தரவுத்தளத்தில் நானே ஒட்டிப் பார்த்தேன், கேள்விக்குறியோடு. 0 முடிவுகள்.