கொசப்பேட்டை வீடு: மார்கழி ஓட்டம்

டிசம்பர் 7, ஞாயிறு

காலை 6:58
நான்: எல்லோருக்கும் காலை வணக்கம். இன்று மறுபடி ஓடத் தொடங்கிவிட்டேன். அண்ணா சாலை வழியாக நம் வேலூர்க் கோட்டை முன்புறம் வரை போய்த் திரும்பினேன். இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் அரை மணி நேரம். அகழித் தண்ணீர் மேல் பனி அசையாமல் நின்றது. எதிர்க்கரைக் கல்சுவர் கண்ணுக்கே தெரியவில்லை.

7:01
அம்மா: கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பால் வாங்கப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். இருட்டில் தனியாகவா போனாய்?

7:03
சென்னை தம்பி: வாழ்த்துகள் அக்கா! போன ஜனவரியில் 21 கிலோமீட்டர் முடித்தவளாயிற்றே நீ. வரும் ஜனவரி சென்னை மாரத்தானுக்கும் என்னோடு சேர்த்து உன் பெயரையும் பதிவு செய்துவிடவா?

7:12
நான்: வேண்டாம் தம்பி, நீ ஓடு. நான் ஏப்ரல் வெயிலில் விட்டது. ஜூனில் ஒரு முறை, செப்டம்பரில் ஒரு முறை திரும்பத் தொடங்கினேன். இரண்டு முறையும் விட்ட இடத்திலேயே பிடிக்கப் பார்த்தேன். முதல் வாரமே எட்டு கிலோமீட்டர் ஓடினேன், மூன்றாவது வாரம் குதிகால் பிடித்துக்கொண்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் ஆணி ஏறியது போல இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அடுப்படிக்குப் போவேன். அம்மா பார்த்திருக்கிறார். தை முடியும் வரை எனக்குப் போட்டி எதுவும் கிடையாது.

7:20
காட்பாடி அக்கா: நல்ல முடிவு. என்னிடம் பிசியோதெரபிக்கு வரும் ஓட்டக்காரர்கள் பலரும் உன்னைப் போலத் திரும்பி வந்தவர்கள்தான். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களும், குதிகாலிலிருந்து விரல்வரை உள்ளங்காலைத் தாங்கும் பட்டையும் அப்படி இல்லை. அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு, மாதக்கணக்கில் ஆகும். மூச்சு "இன்னும் போ" என்று சொல்லும்போது கால் தயாராக இருக்காது. அடிபடுவது அந்த வாரங்களில்தான்.

7:22
நான்: அப்படியானால் எதை வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவது அக்கா? கடிகாரத்தைப் பார்த்தால் பழைய கணக்குதான் நினைவுக்கு வருகிறது.

7:25
காட்பாடி அக்கா: பேச்சுதான் அளவு. ஓடும்போதே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடியவேண்டும். சொல்ல முடியாவிட்டால் வேகத்தைக் குறை. வாரத்துக்கு மூன்று நாள் போதும். மாலையில் படிக்கட்டின் ஓரத்தில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்கு. முட்டியை நீட்டி ஒரு முறை, சற்று மடக்கி ஒரு முறை. சலிப்பாக இருக்கும், ஆனால் விடாதே.

7:31
பெரியப்பா: கோட்டைப் பக்கம் போவதென்றால் பயமில்லை. என் சிறுவயதில் விடியற்காலையில் அங்கே போகவே தயங்குவோம். கோயிலில் மூலவர் இல்லாத காலம் அது. 1981 இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து ஜலகண்டேஸ்வரர் சந்நிதியில் வைத்தார்கள். இப்போது மார்கழி பிறந்துவிட்டால் விடியும் முன்பே பூக்காரம்மாக்கள் உட்கார்ந்துவிடுவார்கள். ஆள் நடமாட்டம் இருக்கும். நீ அந்தப் பக்கமே ஓடு கண்ணு.

7:34
அம்மா: ஆனாலும் வெளிர் நிறச் சட்டை போட்டுக்கொள். பனியில் வண்டிக்காரனுக்கு ஆள் தெரியாது.

டிசம்பர் 9, செவ்வாய்

இரவு 8:40
ராணிப்பேட்டை சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை பேசியதை இப்போதுதான் படித்தேன். குதிகால் வலி வந்தபோது எந்த ஷூவைப் போட்டிருந்தாய்? படம் அனுப்பு. மேலே இருந்து வேண்டாம். தட்டையான மேசை மேல் வைத்துப் பின்பக்கமாக ஒன்று, சோலைக் கவிழ்த்து ஒன்று.

8:52
நான்: (படம்)
(படம்)
அதே ஷூதான் சித்தப்பா. ஞாயிறன்றும் அதைத்தான் போட்டேன். மேலே பார்க்கப் புதிதாகவே இருக்கிறது.

9:05
ராணிப்பேட்டை சித்தப்பா: 28 வருடம் ஷூ கம்பெனியில் சரிபார்ப்பு மேசையில் நின்றவன் சொல்கிறேன், மேல்பாகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதே. பின்பக்கப் படத்தைப் பார். வலது ஷூ வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. சோலில் குதிகாலின் வெளி ஓரம் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. நடுவில் வெள்ளையாக இருக்கிறதே, அது ஈ.வி.ஏ. நுரை. அதற்குள் நுண்ணிய காற்று அறைகள் இருக்கும். நீ வைக்கும் ஒவ்வோர் அடியையும் அவைதான் வாங்குகின்றன. அவை நசுங்கிவிட்டால் திரும்ப எழாது. பக்கவாட்டில் கோடு கோடாகச் சுருக்கம் விழுந்திருக்கிறதா, விரல் வைத்துப் பார்.

9:09
நான்: ஆமாம். நான்கு கோடுகள். இடது ஷூவில் இரண்டு.

9:14
ராணிப்பேட்டை சித்தப்பா: கட்டைவிரலால் அழுத்திப் பார். பஞ்சு போல உள்ளே போகாமல் ரப்பர் துண்டு போல எதிர்த்தால் அது முடிந்துவிட்டது. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருப்பாய்?

9:20
நான்: போன வருடப் பயிற்சி முழுவதும், சென்னை ஓட்டம், அதற்குப் பிறகு ஓடியது எல்லாம் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும்.

9:23
ராணிப்பேட்டை சித்தப்பா: 500 முதல் 800 வரைதான் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இனி அதை மார்க்கெட்டுக்குப் போட்டுக்கொள், ஓட வேண்டாம். புதிது வாங்க மாலையில் போ, அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் காலுறையோடு போட்டுப் பார். எழுந்து நின்றால் முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். விலையை வைத்துத் தேர்ந்தெடுக்காதே, பாதம் சொல்வதைக் கேள்.

9:26
காட்பாடி அக்கா: வலிக்குக் காரணம் ஷூ மட்டும் இல்லை சித்தப்பா, அவள் அவசரமும்தான். ஆனால் நீங்கள் சொன்னபடி மாற்றுவது நல்லது.

9:27
ராணிப்பேட்டை சித்தப்பா: அவசரத்தை நீ பார்த்துக்கொள் அம்மா. ஷூவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 17, புதன்

காலை 7:05
நான்: மார்கழி இரண்டாம் நாள். புது ஷூ போட்டு மூன்றாவது ஓட்டம். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. புறப்படும்போது 18 டிகிரி. தெருவில் பாதி வாசல்களில் கோலம் போட்டு முடித்துவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மா சாணப் பிள்ளையார் மேல் பூசணிப்பூ வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "இன்றும் போகிறாயா? நல்லது" என்றார். அந்த ஒரு சொல் கோட்டை வரை கூட வந்தது.

7:09
சென்னை தம்பி: இங்கே ஈரக்காற்று, குளிரே தெரியவில்லை. கடலை விட்டுத் தள்ளி இருப்பதால் உங்களுக்குத்தான் ராத்திரிக் குளிர்.

7:13
காட்பாடி அக்கா: குளிரில் தாகம் தெரியாது. தெரியாததால் தண்ணீர் குடிக்காமல் விடாதே. முதல் பத்து நிமிடம் வேகமாக நட, உடம்பு சூடேறிய பிறகு ஓடு.

7:15
அம்மா: கேழ்வரகுக் கூழ் கரைத்து வைத்திருக்கிறேன். மோர் ஊற்றிக் குடி.

டிசம்பர் 28, ஞாயிறு

காலை 6:40
நான்: இன்று பாதியில் திரும்பிவிட்டேன். பெரியார் பூங்காவைத் தாண்டும்போது வலது குதிகாலில் லேசான இழுப்பு. வலி என்று சொல்ல முடியாது. முன்பானால் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்திருப்பேன். நின்று, மெல்ல நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழி முழுவதும் அழுகை தொண்டையில் நின்றது. மூன்றாவது முறையும் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது அக்கா.

6:48
காட்பாடி அக்கா: முதல் இரண்டு முறையும் நீ நிற்கவில்லை, இந்த முறை நின்றிருக்கிறாய். நாளைக் காலை முதல் அடியில் வலி இருக்கிறதா என்று மட்டும் சொல். இல்லையென்றால் மூன்று நாள் நடை, பிறகு பழையபடி ஓட்டம். இந்த வாரம் நேரத்தைக் கூட்டினாயா?

6:50
நான்: ஆமாம். போன ஞாயிறு 30 நிமிடம், இன்று 45 போகலாம் என்று கிளம்பினேன். உடம்பு லேசாக இருந்தது.

6:52
காட்பாடி அக்கா: லேசாக இருக்கும் நாளில்தான் கையைக் கட்டிக்கொள்ளவேண்டும். கூட்டுவதானால் மூன்று, நான்கு நிமிடம். பதினைந்து இல்லை.

டிசம்பர் 29, திங்கள்

காலை 5:50
நான்: முதல் அடி வைத்தேன். வலி இல்லை.

5:51
அம்மா: நானும் பார்த்தேன். சுவரைப் பிடிக்கவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

மாலை 6:15
பெரியப்பா: நாளை போகி. விடியலில் தெருத் தெருவாகக் கொளுத்துவார்கள். காலைக் குளிரில் புகை மேலே ஏறாது, பனியோடு கலந்து மூக்கு மட்டத்திலேயே நிற்கும். நாளை ஓடவேண்டாம் கண்ணு.

6:22
நான்: சரி பெரியப்பா. நாளை விடுமுறை. படிக்கட்டுப் பயிற்சி மட்டும் செய்கிறேன்.

ஜனவரி 18, ஞாயிறு

காலை 7:20
நான்: இன்று நடக்காமல் 30 நிமிடம் ஓடினேன். முதல் முறை. வேகம் போன வருடத்தை விட மிகக் குறைவு, அது பற்றி எனக்குக் கவலை இல்லை. கோட்டை வாசலில் பூக்காரம்மா "மணி என்ன கண்ணு" என்று கேட்டார். ஓடிக்கொண்டே, "ஆறு முப்பத்தைந்து ஆகிறது அம்மா, இப்போதுதான் சூரியன் வருகிறது" என்று திணறாமல் சொன்னேன். முழு வாக்கியம் அக்கா!

7:22
காட்பாடி அக்கா: கண் நிறைந்துவிட்டது.

7:24
அம்மா: கூழ் தயார்.

7:31
சென்னை தம்பி: அக்கா, ரொம்ப மகிழ்ச்சி. நான் ஒன்று சொல்லவேண்டும். நான்காம் தேதி ஓட்டத்தை முடித்ததிலிருந்து வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓரமாக வலிக்கிறது. சொல்லத் தயக்கமாக இருந்தது.

7:33
நான்: இரண்டு வாரமாகவா? ஏன் தம்பி சொல்லவில்லை? ஓடுவதை உடனே நிறுத்து.

7:35
காட்பாடி அக்கா: எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறதா, நீளமாக வலிக்கிறதா? ஒரே இடம் என்றால் நாளையே மருத்துவரிடம் காட்டு. இப்போது என்னைத் தொலைபேசியில் கூப்பிடு.

7:36
சென்னை தம்பி: நீளமாகத்தான் வலிக்கிறது. கூப்பிடுகிறேன் அக்கா.

7:50
சென்னை தம்பி: (படம்)
சித்தப்பா, இது என் வலது ஷூ. மேசை மேல் வைத்துப் பின்பக்கமாக எடுத்தேன்.

7:58
ராணிப்பேட்டை சித்தப்பா: இடதையும் பக்கத்தில் வைத்து எடு. ஒற்றை ஷூவைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.