ஜோத்பூர் அரண்மனை ஓவியப் படம்: நேராக வாங்க முடியாதா?

கேள்வி: இயக்குநர் ஜேம்ஸ் ஐவரியின் 1978 திரைப்படம் 'Hullabaloo Over Georgie and Bonnie's Pictures' பார்த்தேன். அமெரிக்க சேகரிப்பாளரும் பெக்கி ஆஷ்கிராஃப்ட் நடித்த ஆங்கிலேய அம்மாளும் மகாராஜாவின் சிற்றோவியங்களுக்காக அலைகிறார்கள். விலை பேசி எடுத்துப் போனால் என்ன?

பதில்: முடியாதுங்க. நூறாண்டு தாண்டிய ஓவியத்தைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972-இன் இந்தியத் தொல்பொருள் சட்டம் விடாது. முன்னாள் மன்னர்களுக்கு அரசு தந்த மானியமும் 1971-இல் நின்றுபோச்சு. மகாராஜா கையில் காசில்லை, பெட்டியில் பொக்கிஷம். படத்தின் சிரிப்பே அங்கேதான்.

எனக்கு ஓவியங்கள்மேல்தான் கண். அணில் வால் முடித் தூரிகையால் ஒவ்வொரு மயிரிழையாகத் தீட்டி, பின்பக்கம் கல்லால் தேய்த்து மினுக்கியவை. கையில் ஏந்திப் பார்க்க வேண்டியவை, பெட்டியில் பூச்சி அரிக்கலாமா? மனசு ஆறலை.

கேள்வி: சரி, உள்நாட்டில் விற்கலாமா?

பதில்: விற்கலாம். வியாபாரமாகச் செய்தால் உரிமம் வேண்டும்.