சில்வர் ஆற்றில் கயாக்: அப்பா, மகளோடு போகலாமா?

வணக்கம். டிசம்பர் கடைசியில் புளோரிடா போகிறோம். ஒக்காலா ஊர்ப் பக்கத்து சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றில் கயாக் (துடுப்புப் போடும் ஒடுக்கமான சிறு படகு) எடுக்க ஆசை. மகளுக்கு ஒன்பது வயது, அப்பாவுக்கு முழங்கால் வலி. இரண்டு பேர் உட்காரும் கயாக்கில் அவரை ஏற்றி இறக்குவது சிரமமா? அங்கிருந்து கிளம்பும் சில்வர் ஆறு, ஓக்லவாஹா ஆற்றில் சேரும்வரை சுமார் 8 கிலோமீட்டர். நீரோட்டத்தோடு போய்விட்டு, எதிர்த்துத் துடுப்புப் போட்டுத் திரும்ப முடியுமா?

மகளுக்கு மானட்டி என்ற கடற்பசுவைப் பார்க்க வேண்டுமாம் (நம் பாக் நீரிணை ஆவுளியாவின் உறவுக்காரர்தான்). ஊற்று நீர் எப்போதும் 22 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பதால் குளிர்காலத்தில் அவை இந்த மாதிரி ஊற்றுகளுக்கு ஒதுங்கும். சில்வரிலேயே பார்க்கலாமா, மானட்டிக்குப் பேர்போன கிரிஸ்டல் ரிவர் ஊருக்கே போய்விடலாமா?

அப்புறம் குரங்குகள். 1930களில் படகுச் சுற்றுலா நடத்தியவர் அங்கே ஒரு தீவில் ரீசஸ் குரங்குகளை விட்டாராம். அவற்றுக்கு நீச்சல் தெரியும் என்று அவருக்குத் தெரியவில்லை! இப்போது கரையெல்லாம் அவைதான். அவற்றிடம் பி வைரஸ் (கடித்தால், பிறாண்டினால் மனிதருக்கும் தொற்றக்கூடிய ஆபத்தான கிருமி) இருக்கலாம் என்பதால் நெருங்கப் போவதில்லை. ஆனால் கிளையிலிருந்து படகுக்குள் குதிக்குமா? முதலையைவிட அதுதான் எனக்குப் பயம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.