திறந்த பாடநூல்: உரிமம், எழுத்துரு தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் தமிழ்வழி பி.எஸ்சி. இயற்பியல் நடத்துகிறேன். ஒளியியல் தாளுக்குப் பிள்ளைகள் கையில் இருப்பது ஜெராக்ஸின் ஜெராக்ஸ்; நியூட்டன் வளையங்கள் அதில் வெறும் கறுப்பு அப்பளமாகத்தான் தெரிகின்றன. எனவே, நாங்கள் மூன்று பேர் எங்கள் குறிப்புகளை இலவசத் திறந்த பாடநூலாக வெளியிட உட்கார்ந்திருக்கிறோம். ஐந்து அத்தியாயம் தயார்.

மாட்டிக்கொண்டிருப்பது உரிமத்தில். படங்கள் விக்கிமீடியா காமன்ஸில் எடுத்தவை, சிசி பை-எஸ்ஏ (பெயர் குறிப்பிட வேண்டும், தழுவினால் அதே உரிமத்தில்தான் விட வேண்டும் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்). பயிற்சிக் கணக்குகளோ சிசி பை-என்சி-எஸ்ஏ (அதோடு வணிகப் பயன்பாடும் கூடாது என்பது) உரிமமுள்ள ஆங்கில நூலிலிருந்து மொழிபெயர்த்தவை. இரண்டையும் கலந்து ஒரே உரிமத்தில் விட முடியாது என்பது தெரியும். படத்தை அப்படியே வைத்து, அடியில் தனி உரிமம் போட்டால் சரியா? படத்துக்குள் இருக்கும் பெயர்களைத் தமிழாக்கிவிட்டோமே, அது தழுவல் ஆகிவிடுமா? பேசாமல் கணக்குகளைப் புதிதாக எழுதிவிடலாமா என்றும் தோன்றுகிறது.

அப்புறம், பழைய குறிப்புகள் யுனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. யுனிகோடுக்கு மாற்றினால் தமிழ் வந்துவிடுகிறது, நடுவில் இருக்கும் லாம்டாவும் தீட்டாவும் குப்பையாகிவிடுகின்றன. லேடெக்ஸில் (சமன்பாடுகளை அச்சுக்கோக்கும் மென்பொருள்) தமிழும் சமன்பாடும் சேர்த்து அடித்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு மாதிரிக் கோப்பு கொடுங்கள். பிள்ளைகள் போனில்தான் படிப்பார்கள், இபப் (மின்னூல்) வடிவமும் வேண்டும்.