மறுமொழி: எக்ஸ்போஷர் – 'வெளிப்பாடு' ஏன் பொருந்தாது, வேறென்ன வைக்கலாம்

குழுவினருக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டதால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். முதலாண்டு இருட்டறைச் செய்முறைக் கையேடு இந்த வாரக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. லென்ஸ், ஃபிலிம், ஷட்டர் மூன்றையும் அப்படியே வைத்துக்கொள்வது என்று முன்பே பேசி முடித்தாயிற்று. டெவலப் செய்வதற்கு, அதாவது ஒளி பட்ட தாளை மருந்தில் நனைத்து உருவை வரவழைப்பதற்கு, 'உருத்துலக்கல்' என்பதையும் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டோம். பாக்கி இருப்பது எக்ஸ்போஷர்தான், அதாவது ஃபிலிம், தாள், சென்சர் ஆகியவற்றின் மேல் ஒளியை விழவிடுவது. பக்கத்துக்குப் பக்கம் வருகிற சொல்லும் அதுதான்.

> 'வெளிப்பாடு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. பழகிய சொல்லை இப்போது எதற்குக் கிளற வேண்டும்?

பழகிய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் இருட்டறைக்குள் அது நடப்பதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. எத்தனை நொடி ஒளி சரியாக இருக்கும் என்று பார்க்கச் சோதனைப் பட்டை போடும் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. நெகட்டிவ் வழியே ஒளியைப் பாய்ச்சும் உருப்பெருக்கியின் (என்லார்ஜர்) கீழே நீளவாக்கில் வெட்டிய ஒளிப்படத் தாள். அதன்மேல் அட்டையை வைத்து, இரண்டு நொடிக்கு ஒரு தரம் விரலகலம் நகர்த்திக்கொண்டே போகிறார் மாணவி. 2, 4, 6, 8, 10 நொடி முடிந்து தாளைக் கையில் எடுத்தால், பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்த அதே வெள்ளைத் தாள். "வெளிப்பாடு முடிஞ்சுதுன்னு சொன்னீங்க, ஒண்ணுமே வெளிப்படலையே ஐயா?" என்று கேட்டார். கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. தாளை டெவலப்பர் தட்டில் நழுவவிட்டு, தட்டின் ஒரு மூலையைத் தூக்கித் தூக்கி ஆட்டிய பிறகுதான் 10 நொடிப் பகுதி கறுத்து எழுந்தது. அப்புறம் எட்டு, அப்புறம் ஆறு. இரண்டு நொடிப் பகுதி கடைசிவரை சாம்பல் பூத்தாற்போல நின்றுவிட்டது. வெளிப்படுதல் நடந்த இடம் அந்தத் தட்டு. அதற்கு முன் நடந்தது வேறு.

வேதியியலும் இதையே சொல்கிறது. சில்வர் புரோமைடு படிகத்தின் மேல் ஒளி விழும்போது உண்டாவது சில வெள்ளி அணுக்களின் சின்னஞ்சிறு திரள் மட்டும். கண்ணுக்குத் தெரியாது. டெவலப்பர் அந்தத் திரளைப் பற்றிக்கொண்டு முழுப் படிகத்தையும் வெள்ளியாக்குகிறது. இடைப்பட்ட நிலையில் தாளில் இருக்கும் உருவத்துக்கு 'உள்ளுறை உரு' என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அருமையான சொல். உள்ளுறை வெப்பத்தைப் பள்ளி இயற்பியலில் படித்துவிட்டு வருகிறார்கள், அகப்பாட்டின் உள்ளுறையைத் தமிழ் வகுப்பில் படித்துவிட்டு வருகிறார்கள். விளக்கமே தேவைப்படாது. 'கரந்துறை உரு' என்று இன்னொருவர் சொன்னதும் அழகுதான், ஆனால் சித்திரகவி தெரிந்தவர்களுக்குத்தான் அது உடனே பிடிபடும். சரி, உள்ளுறை உருவையே வைத்துக்கொண்டால் கையேட்டில் என்ன எழுத வேண்டியிருக்கும்? 'வெளிப்பாட்டினால் உள்ளுறை உரு உண்டாகிறது.' வெளியே வந்ததால் உள்ளே ஒளிந்துகொண்டது என்று முதலாண்டு மாணவருக்கு எப்படிப் பாடம் நடத்துவது?

> ஸயனோடைப்பில் வெயிலில் வைத்ததுமே நிறம் மாறுகிறதே. அங்கே வெளிப்பாடு சரிதானே?

நல்ல மறுப்பு, இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஸயனோடைப் என்பது இரும்பு உப்பு பூசிய தாளை வெயிலில் வைத்து நீலப் படம் எடுக்கும் முறை. வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு. ஆங்கிலேய ஒளிப்பட முன்னோடி டால்பட்டின் தொடக்ககாலத் தாள்களில் ஒளி பட்டுக்கொண்டிருக்கும்போதே உரு கறுத்து எழும். அதனால்தான் அவ்வளவு நேரம் பிடித்தது. 1840 செப்டம்பரில்தான் பார்வைக்கு வெறுமையாக இருக்கும் தாளிலிருந்து கேலிக் அமிலத்தால் உருவை வரவழைக்கலாம் என்று அவர் கண்டார். அடுத்த ஆண்டு கலோடைப் என்று காப்புரிமை பெற்றார். அந்தத் தொடக்ககாலத் தாள்களை மட்டும் பார்த்து நாம் பெயர் வைத்திருந்தால் வெளிப்பாடு பொருந்தியிருக்கும். ஆனால் நம் மாணவர்கள் ஒரே பருவத்தில் ஸயனோடைப்பும் செய்கிறார்கள், கறுப்பு வெள்ளை ஃபிலிமும் கழுவுகிறார்கள், டிஜிட்டல் கேமராவும் எடுக்கிறார்கள். சென்சரில் ஒளி விழும்போது சேர்வது மின்னூட்டம். அதைப் படித்துக் கணக்கிட்ட பிறகே படம். மூன்றுக்கும் பொதுவானது பரப்பின் மேல் ஒளி விழுவதும் அந்தப் பரப்பு அதை வாங்கிக்கொள்வதும்தான். பெயர் அங்கிருந்து வர வேண்டும் என்பதே என் வாதம்.

> 'படு' என்ற வேர் போதும். ஒளிபடல், ஒளிபாடு.

படுஞாயிறு, கண்படுதல், கைபடுதல், வலைப்படுதல், 'போரில் பட்டான்' என்று இந்த நண்பர் எழுதிய நீண்ட மடலை இரண்டு முறை படித்தேன். கையேட்டுக்கு அதில் பாதி உதவாது, ஆனாலும் படிக்க இனிமையாக இருந்தது. விழுதலும் தொடுதலும் பாதிக்கப்படுதலும் ஒரே வேரில் இருக்கின்றன. ஒளி விழுகிறது, தொடுகிறது, தாள் மாறிவிடுகிறது. இதைவிடப் பொருத்தமான வினை கிடைப்பது கடினம்.

வலி மிகுமா என்ற சண்டைக்கு என் கருத்து: ஒளி படுதல் எழுவாய்த் தொடர், ஆகவே 'ஒளிபடல்' என்று மிகாமல் எழுதுவதே முறை. ஒளிப்படம் என்பது ஒளியால் ஆகிய படம், உருபும் பயனும் தொக்கி நிற்பதால் மிகுகிறது. வழிபாடு, குறைபாடு இரண்டிலும் மிகவில்லை, புறப்பாட்டிலும் வெளிப்பாட்டிலும் மிகுகிறது என்று காட்டியவருக்கு நன்றி. இலக்கணம் நம் பக்கம் இருந்தாலும், விடைத்தாளில் ஒளிப்படம் என்று ஒரு வரியிலும் ஒளிபடல் என்று அடுத்த வரியிலும் எழுதுகிற மாணவர் கட்டாயம் ஒரு ப் போட்டுவிடுவார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது வேறு. குறைவாகப் பட்டதைக் 'குறையொளிபாடு' என்று ஆக்கினால் அதைக் குறை + ஒளிபாடு என்று யாரும் பிரிக்க மாட்டார்கள். குறையொளி + பாடு என்றுதான் கண் பிரிக்கும். மங்கிய வெளிச்சத்தில் எடுப்பது வேறு, ஒளி போதாமல் எடுப்பது வேறு. அந்தி வெளிச்சத்தில் முக்காலியில் கேமராவை நிறுத்தி அரை நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்தால், குறையொளியிலேயே தேவைக்கு மேல் ஒளி ஏறிவிடலாம். நடு வெயிலில் எஃப் 16 என்ற சிறிய லென்ஸ் துளையையும் 1/2000 நொடி ஷட்டர் நேரத்தையும் வைத்துவிட்டு, கூசும் ஒளியில் இருண்ட படம் எடுக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் முதல் பருவத்தின் பாதி வேலை. சொல்லே அதைக் குழப்பினால் என்ன செய்வது?

> மிகுந்தால் வெளிறல், குறைந்தால் கருகல். எளிய தமிழ், எல்லோருக்கும் புரியும்.

கேமராத் திரையைப் பார்த்துச் சொல்லும்போது சரி. இருட்டறையில் தலைகீழாகிவிடும். தாளுக்கு ஒளி மிகுந்தால் கறுக்கும். நெகட்டிவுக்கு மிகுந்தால் அது அடர்ந்து போகும், அந்த அடர்ந்த நெகட்டிவிலிருந்து வழக்கமான நேரத்துக்கே அச்சிட்டால் படம் வெளிறும். விளைவை வைத்துப் பெயர் சூட்டினால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் தேவைப்படும். வெளிறல், கருகல் இரண்டும் தோற்றத்தை வருணிக்கும் சொற்களாக இருக்கட்டும்.

> மாணவர்கள் எல்லோரும் எக்ஸ்போஷர் என்றுதான் சொல்கிறார்கள். தூய்மைக்காக ஏன் இந்தப் பாடு?

பேச்சில் சொல்லட்டும், நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்கிறேன். லென்ஸ் ஒரு பொருள். கையில் எடுத்துக் காட்டிவிட்டால் பெயர் எந்த மொழியிலிருந்து வந்தால் என்ன? எக்ஸ்போஷர் கையில் எடுக்க முடியாத ஒன்று. ஒரு செயல், ஓர் அளவு, ஒரு ஃபிரேம், கேமராவில் வைக்கும் அமைவு என்று நான்கு பொருளில் அதே சொல் திரிகிறது. அளவு என்ற பொருளை ஒளிப்பட ஆய்வாளர்கள் ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் 1890-இல் திட்டமாக வகுத்தார்கள்: பரப்பின் மேல் விழும் ஒளியின் செறிவு, அதை நேரத்தால் பெருக்கினால் வருவது. இன்றும் லக்ஸ்-நொடியில் அளக்கிறோம். எஃப் 8-இல் 1/125 நொடியும் எஃப் 5.6-இல் 1/250 நொடியும் ஏன் ஒன்று என்று கேட்டால், துளை, ஷட்டர் நேரம், ஐஎஸ்ஓ மூன்றையும் இணைக்கும் எக்ஸ்போஷர் முக்கோணத்தை அழகாக வரைந்துவிட்டு அடியில் ஒரு வாக்கியம் எழுத முடியாமல் நிற்கிறார்கள். தூய்மைக்காக நான் இதைக் கேட்கவில்லை. தாம் செய்ததைத் தம் மொழியில் ஒரு வாக்கியமாகச் சொல்ல அவர்களுக்கு ஒரு சொல் வேண்டும்.

ஃபிரேம் என்ற பொருளுக்குச் சொல் தேடவே வேண்டாம். 36 படச் சுருள் என்றால் போதும்.

மிச்சம் இருப்பவை இரண்டு. ஒன்று 'ஒளியேற்பு'. குறையேற்பு, மிகையேற்பு, இரட்டை ஏற்பு, ஏற்பு ஈடு (எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்) என்று கிளைகள் தடையின்றி வருகின்றன. குறையொளியில் மிகையேற்பு என்று எழுதினால் குழப்பமே இல்லை. ஏற்பு என்றால் சம்மதம் என்ற பொருளும் உண்டே என்றார்கள். கண்ணின் ஒளியேற்பிகளைப் பற்றிப் படிக்கும்போது யாரும் சம்மதத்தை நினைப்பதில்லை.

மற்றது, இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த மடலில் வந்தது: 'காட்டு'. துணியை வெயிலில் காட்டு, கையை நெருப்பில் காட்டு என்கிறோம். ஃபிலிமை வெளிச்சத்தில் காட்டிவிடாதே என்று இருட்டறைக் கதவருகே நின்று கத்தாத ஆய்வக உதவியாளர் உண்டா? சொல் நம் வாயிலேயே இருந்திருக்கிறது. 'தாளுக்கு 8 நொடி ஒளி காட்டுக' என்று செய்முறை வரியில் எழுதினால் யாருக்கும் அகராதி வேண்டாம்.

பெயர்ச்சொல் ஒரு வேரிலும் வினை வேறொரு வேரிலும் இருக்கக் கூடாது என்று இலக்கண நண்பர் உறுதியாக நிற்கிறார். என் விடை: செய்பவர் இருவர். காட்டுபவர் நாம், ஏற்பது தாள். அளவைப் பேசும்போது தாளின் பக்கம் நின்று ஏற்பு என்போம், செயலைச் சொல்லும்போது நம் பக்கம் நின்று காட்டு என்போம். அவர் இதை ஒப்பவில்லை, 'ஒளிபாடு' ஒன்றே இரண்டுக்கும் போதும் என்று நேற்றிரவும் எழுதியிருக்கிறார். குறையொளிபாட்டுச் சிக்கலுக்கு 'ஒளிபாட்டுக் குறைவு' என்று மாற்றிப் போடலாம் என்பது அவர் வழி. தீரும்தான். ஆனால் அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்காது.

இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒளியேற்புக்கு ஒத்துக்கொண்டுவிட்டார்கள், சிலர் ஓய்ந்துபோய்த்தான். ஆகவே கையேட்டில் ஒளியேற்பு, ஒளி காட்டு என்று போகிறது. கலைச்சொல் பட்டியலில் ஒளிபாடு என்பதை மாற்றுச் சொல்லாகத் தருகிறேன். பழைய குறிப்புகளைப் படிப்பவர்களுக்காக வெளிப்பாடும் அதே வரியில் இருக்கும். மாற்றுக் கருத்து இருந்தால் வெள்ளி மாலைக்குள் எழுதுங்கள். அச்சகத்துக்குக் கோப்பை அன்றிரவு அனுப்பியாக வேண்டும்.

அடுத்து இருட்டறையில் டாட்ஜ் (தாளின் ஒரு பகுதிக்கு ஒளியைக் குறைப்பது), பர்ன் (ஒரு பகுதிக்குக் கூடுதலாகக் காட்டுவது) இரண்டுக்கும் சொல் வேண்டும். 'மறைத்தல்', 'கூட்டிக் காட்டல்' என்று இப்போதைக்குப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.